பதினேழாம் நாள்



ஆடி அமாவாசை நெருங்குகிறது. திருவையாற்றுப் புஷ்ய மண்டபப் படித்துறையிலும் கோடியக்கரைக் கடலோரத்திலும் அன்றைக்கு விடிவதற்கு முன்பே கூட்டம் சேர்ந்துவிடும். எள்ளும் தண்ணீரும் இறைக்க வருகிறவர்களில், ஒரே தகப்பனுக்குத் தனித்தனியாக வந்து திதி கொடுத்துவிட்டுப் போகிற அண்ணன் தம்பிகளும் உண்டு. அண்ணன் திருவையாறு போகிறார் என்று காதில் விழுந்தால் தம்பி கோடியக்கரைக்குப் பஸ் ஏறுவார். ஒரு வயிற்றில் பிறந்தவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் இருப்பதற்கு இத்தனை மைல் சுற்றுகிறார்கள். அவர்களுக்காகவும், பிறந்த வீட்டு வாசலோடு நின்றுபோன அவர்களுடைய அக்கா தங்கைகளுக்காகவும் இந்த மாதம் இந்தப் பக்கத்தை எழுதுகிறேன்.

தஞ்சாவூரிலிருந்து பட்டுக்கோட்டைச் சாலையில் சூரக்கோட்டையைத் தாண்டிப் போனால் ஒரத்தநாடு. 1934இல் மேட்டூர் அணையோடு சேர்ந்து வந்த கல்லணைக் கால்வாய்தான் இந்தப் பக்கத்துக்கு உயிர். அந்தக் காலத்தில் வைத்த ‘புதுஆறு’ என்ற பெயரிலேயே இன்றைக்கும் அதைக் கூப்பிடுகிறார்கள். அதுவரை ஏரியையும் மழையையும் நம்பிக் கிடந்த மேட்டு நிலத்தில் அதன் பிறகு நெல் விளைந்தது. தண்ணீர் வந்ததும் நிலத்துக்கு மதிப்பு வந்தது, மதிப்பு வந்ததும் வரப்புக்கு வரப்பு வழக்கும் வந்தது என்று அங்கே பெரியவர்கள் சொல்வார்கள். சூரக்கோட்டை, சிவாஜி கணேசனின் பண்ணை இருந்த ஊர். அவர் நடித்து பீம்சிங் இயக்கிய ‘பாகப்பிரிவினை’ 1959இல் வந்தது. வீட்டுக்கு நடுவே சுவர் எழுப்பிய அண்ணன் தம்பியின் கதையைப் பார்த்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்த குடும்பங்களிலேயே பிறகு எத்தனையோ சுவர்கள் எழும்பின. படத்தில் அந்தக் குடும்பம், பெரியவர்கள் உயிரோடு இருக்கும்போதே சேர்ந்துவிடுகிறது. நம் ஊர்களில் பெரும்பாலும் ஒரு சாவு விழுந்த பிறகுதான் சேர்கிறது.

இந்தப் பக்கத்துப் பகை எப்படி இருக்கும் என்று வெளியூர் வாசகர்களுக்குச் சொல்ல வேண்டும். அப்பா போட்ட போர்வெல் ஒன்றுதான் இருக்கும். மின் இணைப்பும் அவர் பேரில்தான். அதை வைத்து அண்ணனும் தம்பியும் முறை வைத்துத் தண்ணீர் பாய்ச்சுவார்கள், பேச மாட்டார்கள். மோட்டாரை நிறுத்தும் நேரத்தைப் பண்ணையாள் வந்து சொல்வார். மூன்று மா நிலத்துக்கு நடுவில் ஒரு வரப்பு. அதை ஒவ்வொரு நடவுக்கும் மண்வெட்டி ஒரு விரற்கடை தின்னும். தங்கை வீட்டு விசேஷத்துக்குப் பத்திரிகை வரும், போக மாட்டார்கள். போனாலும் கை நனைக்காமல் திரும்பிவிடுவார்கள். பிள்ளைகள் ஒரே பள்ளிக்கூடத்தில் படித்தாலும் பெரியப்பா மகன், சித்தப்பா மகன் என்று சொல்லிக்கொள்ள மாட்டார்கள்.

ஒரத்தநாட்டுக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். அந்த வீட்டின் இளைய மகன் என் கல்லூரித் தோழர். வெகு காலமாகச் சிங்கப்பூரில் வேலை. அண்ணன் ஊரில் விவசாயம். நடுவில் பிறந்த அக்காவை மன்னார்குடிப் பக்கம் கட்டிக்கொடுத்திருந்தார்கள். அம்மா முன்பே போய்விட்டார். சிங்கப்பூர் போன புதிதில் தோழர் அனுப்பிய பணத்தில்தான் அந்த வீட்டுக் கொல்லையில் தென்னங்கன்று வைத்தார்கள். உரம் வைத்து, வண்டு எடுத்து, தண்ணீர் கட்டி வளர்த்தவர் அண்ணன். 2018 நவம்பர் 16ஆம் தேதி விடியலில் கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையேறி, பட்டுக்கோட்டை, பேராவூரணி, ஒரத்தநாடு என்று தென்னை நின்ற ஊரையெல்லாம் சாய்த்துவிட்டுப் போனது. அந்தத் தோப்பும் போனது. வெட்டி அகற்றும் செலவையும் சேர்த்து மரத்துக்கு 1,100 ரூபாய் என்று அரசு நிவாரணம் கொடுத்தது. பட்டா அப்பா பேரில் இருந்ததால் பணம் அப்பா கணக்குக்கு வந்தது. விழுந்த மரத்தை அப்புறப்படுத்தவும் கூட்டுறவுக் கடனை அடைக்கவும் அதை எடுத்துச் செலவழித்தார் அண்ணன். “நான் வச்ச மரத்துக்கு வந்த காசு எங்கண்ணே?” என்று தம்பி போனில் கேட்டார். “மரத்தை வச்சா போதுமா, யாரு வளத்தா?” என்று அண்ணன் கேட்டார். அக்கா தம்பிக்குப் பரிந்து பேசினார். அண்ணன் மனைவி ஒரு வார்த்தை விட்டார். அதோடு போக்குவரத்து நின்றது.

இதில் யார் பக்கம் நியாயம் என்று என்னைக் கேட்டால் மூவர் பக்கமும் என்பேன். பணம் போட்டவருக்கு வலி, பாடுபட்டவருக்கும் வலி. அக்காவுக்கு ஏற்பட்டதோ வேறு மாதிரிக் காயம். அவருடைய மகள் பெரியவளானபோது சடங்குக்கு அண்ணன் போகவில்லை. தம்பி சிங்கப்பூரிலிருந்து பணம் அனுப்பினார். தாய்மாமன் நிற்க வேண்டிய இடத்தில், எழுபது வயதைத் தாண்டிய அப்பா சொந்தக்காரர் நாலு பேரைக் கூட்டிக்கொண்டு சீர்த்தட்டோடு போய் நின்றார். தாய்மாமன் இல்லாமல் நடந்த சடங்கு என்று ஊர் பேசினால் ஒரு பெண்ணுக்கு எப்படி இருக்கும் என்று நம் பக்கத்து வாசகர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

அந்த அப்பா தை அறுவடை நேரத்தில் இறந்துபோனார்.

ஃப்ரீசர் பெட்டியில் வைத்து, திருச்சிக்கு வரும் விமானத்துக்காகக் காத்திருந்தார்கள். தம்பி வந்து இறங்கிய பிறகு, அண்ணனும் மற்ற இருவரும் ஒருவரோடு ஒருவர் பேசாமலே எல்லாக் காரியமும் நடந்தது. அதற்குத் தோதாகத்தான் நம் ஊர் முறைகள் இருக்கின்றன என்பதை அன்றைக்குக் கண்ணால் பார்த்தேன். பேசப் பிடிக்காதவனும் வந்து நின்றே ஆகவேண்டிய இடங்கள் சாவு வீட்டில் ஏராளம். அப்பாவுக்குக் கொள்ளி வைக்க மூத்தவன் வேண்டும், அம்மாவுக்கு இளையவன் வேண்டும். நெய்ப்பந்தம் பிடிக்கப் பேரப்பிள்ளைகள் வேண்டும். ஒரு பெண் இறந்தால் பிறந்த வீட்டுக் கோடி வந்து சேராமல் எடுக்க மாட்டார்கள். எத்தனை வருஷப் பகையாக இருந்தாலும் தாய்மாமன் துணியோடு வந்துதான் தீரவேண்டும். பதினாறாம் நாள் தலைப்பாகை கட்டிவிடச் சம்பந்தக்காரர் வேண்டும். இதில் ஒன்றுக்குக்கூட மாற்று ஆள் கிடையாது. அன்றைக்கு அந்த வீட்டில் நெய்ப்பந்தம் பிடித்து வரிசையாக நின்ற பிள்ளைகள், பக்கத்தில் நிற்பது யார் என்று தெரியாமல் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். “அது உன் அத்தை மகன்டா” என்று யாரோ ஒரு பாட்டி சொல்லிக்கொடுத்தார்.

ஒன்பதாம் நாளோ பத்தாம் நாளோ, கருமாதிப் பத்திரிகை யார் யாருக்குக் கொடுப்பது என்று பட்டியல் போட உட்கார்ந்தார்கள். அதற்கு எந்த வீட்டிலும் எடுப்பது மொய் நோட்டைத்தான். ஊர் வாரியாக உறவு முழுவதும் அதில் இருக்கும். அட்டை கிழிந்து, நூல் கோத்துத் தைத்த நீள நோட்டு. வந்த மொய் ஒரு பக்கம், செய்த மொய் மறுபக்கம். எல்லாம் அப்பாவின் கையெழுத்து. அண்ணன் ஒவ்வொரு பெயராகப் படிக்க, அக்கா மகன் எழுதிக்கொண்டிருந்தான். ஒரு பக்கம் வந்ததும் அண்ணன் படிப்பதை நிறுத்திவிட்டார். தங்கை வீட்டுச் சடங்குக்குச் செய்த மொய்க் கணக்கு அது. அப்பா பெயருக்குக் கீழே அண்ணன் பெயரும், எதிரே 5,001 ரூபாயும் இருந்தன.

அண்ணன் தலையைத் தூக்கித் தங்கையைப் பார்த்தார்.

“அப்பாதான் எழுதிட்டுப் போனாங்க. ஒங் காசு இல்லேன்னு எனக்குத் தெரியும்ணே. நான் ஒண்ணும் சொல்லிக்கலை” என்றார் அக்கா.

அண்ணன் பதில் சொல்லவில்லை. அடுத்த பெயரைப் படித்தார், பட்டியல் தொடர்ந்தது. சாப்பாட்டுக்கு இலை போட்டபோது மட்டும், “பாப்பா இப்ப என்ன படிக்கிது?” என்று கேட்டார். சடங்குக்கு வராத அந்த மாமன் தன் மருமகளைப் பற்றிக் கேட்ட முதல் கேள்வி அது. அக்கா அன்றைக்கு அந்த வீட்டில் உட்கார்ந்து சாப்பிட்டார்.

இப்படிச் சேர்ந்த குடும்பத்தைச் சொல்லிவிட்டு நான் இங்கேயே முடித்துக்கொள்ளலாம். ஆனால் நான் எழுத உட்கார்ந்ததே அடுத்து நடந்ததைச் சொல்லத்தான். பதினாறு நாளும் முடிந்து, மறுநாள் காலை. அக்கா குடும்பம் கிளம்ப வண்டி வந்து நிற்கிறது. உறவில் ஒரு பெரியவர், நல்லெண்ணத்தோடுதான், சொன்னார்: “எல்லாரும் ஒண்ணா இருக்கிறப்பவே முடிச்சிருங்கப்பா. பத்திரம் எழுதுறவர வரச்சொல்லிட்டேன். தங்கச்சி விடுதலைப் பத்திரத்துல ஒரு கையெழுத்துப் போட்டுட்டா வேலை தீந்துரும்.”

அக்காவின் முகம் அப்படியே சுண்டிப்போனது. பதினாறு நாள் அழைத்ததும், உபசரித்ததும், பாப்பாவைப் பற்றிக் கேட்டதும் தன் பங்கை விட்டுக்கொடுக்கும் இந்தக் கையெழுத்துக்குத்தானா என்று அவர் நினைத்திருந்தால் அதில் ஒரு தப்பும் இல்லை. தம்பிதான் முதலில் பேசினார்: “வருஷத் திதி கழியட்டும் மாமா.” கொஞ்ச நேரம் கழித்து அண்ணனும் சொன்னார்: “ஆமா மாமா. அவ இன்னும் வீடு போயே சேரலை.”

இந்த இரண்டு வாக்கியத்தைத்தான் நான் ஊருக்கெல்லாம் சொல்ல ஆசைப்படுகிறேன். கருமாதிப் பந்தலில் ஒட்டிய உறவு பத்திரப் பதிவு அலுவலக வாசலில் அறுந்துபோவதை டெல்டாவில் பல வீடுகளில் பார்த்திருக்கிறேன். பதினாறாம் நாள் வரை எல்லாம் சரியாக இருக்கும். பதினேழாம் நாள் ஸ்டாம்ப் பேப்பர் வரும். இரண்டாவது முறை அறுந்த உறவை ஒட்டவைக்க இன்னொரு சாவு கிடையாது. அப்பாவும் போய், அம்மாவும் போய்விட்டால் அந்த வீட்டில் எல்லோரும் வந்தே ஆகவேண்டிய நாள் என்று பிறகு எதுவும் வராது.

பதினாறு நாளுக்குள் பாகம் பிரிக்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. முதலில் வேண்டியது தாசில்தார் தரும் வாரிசுச் சான்றிதழ். இ-சேவை மையத்தில் மனுப் போடலாம். அதில் மகன்களோடு மகள்கள் பெயரும் வந்தாக வேண்டும். கட்டிக்கொடுத்துவிட்டோம் என்று விட்டுவிட முடியாது. அதை வைத்துப் பட்டாவை எல்லா வாரிசுகள் பெயரிலும் கூட்டுப் பட்டாவாக மாற்றிக்கொண்டால், கொள்முதல் நிலையத்துக்கும் நிவாரணத்துக்கும் கடனுக்கும் தடை இருக்காது. பிரிப்பதை நிதானமாகச் செய்யலாம். செலவுக்குப் பயந்தும் அவசரப்பட வேண்டாம். குடும்பத்துக்குள் எழுதும் பாகப்பிரிவினை, விடுதலை, செட்டில்மெண்ட் பத்திரங்களுக்கு மதிப்பில் 1 சதவீதம்தான் முத்திரைத் தீர்வை. 2023 ஜூலை முதல் அதற்கு உச்சவரம்பு 40,000 ரூபாய், பதிவுக் கட்டணத்துக்கு 10,000 ரூபாய். வெளியாளுக்கு விற்கும்போது கட்டுவதோடு ஒப்பிட்டால் இது மிகக் குறைவு.

சகோதரிகளின் பங்கைப் பற்றி ஒளிவுமறைவில்லாமல் சொல்லிவிடுகிறேன். அது அண்ணன் தம்பிகள் மனமிரங்கித் தருகிற சீர் அல்ல. தகப்பன் உயில் எழுதாமல் இறந்தால், அவருடைய சொந்தச் சம்பாத்தியத்தில் மகனுக்கும் மகளுக்கும் சமபங்கு என்று 1956ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டமே சொல்லிவிட்டது. பெண்ணுக்குச் சொத்தில் சம உரிமை வேண்டும் என்று 1929இல் செங்கல்பட்டு சுயமரியாதை மாநாடு தீர்மானம் போட்டது. பூர்வீகச் சொத்தில் அந்த உரிமையைத் தமிழ்நாடு 1989இல் சட்டமாக்கியது; ஆனால் அந்த ஆண்டு மார்ச் 25க்கு முன்பே திருமணமாகியிருந்த பெண்களுக்கு அது கிடைக்கவில்லை. 2005இல் நாடு முழுவதற்கும் வந்த திருத்தம் அந்த வேலியை எடுத்தது. 2005இல் தகப்பன் உயிரோடு இருந்திருக்க வேண்டுமா என்ற குழப்பத்தையும் 2020 ஆகஸ்ட் 11இல் உச்ச நீதிமன்றம் தீர்த்துவைத்தது. மகளுக்கு அது பிறப்பிலேயே வரும் உரிமை. “நகை போட்டோம், சீர் செஞ்சோம், கணக்கு முடிஞ்சது” என்று இன்னமும் சொல்கிற வீடுகள் இந்த வருஷங்களை ஒருமுறை படித்துப் பார்க்கட்டும். எனக்கு வேண்டாம் அண்ணே என்று அக்கா தங்கை தானாகச் சொன்னால் அது அவர் விருப்பம். அவரைச் சொல்லவைக்கக்கூடாது. அதேபோல, ஊரிலேயே இருந்து அப்பாவுக்கு மருந்து கொடுத்து, மலம் அள்ளி, நிலத்தையும் பார்த்துக்கொண்டவருக்கு மற்றவர்கள் கூடுதலாக ஒரு மா விட்டுக்கொடுப்பதில் நியாயம் இருக்கிறது. அதைச் சட்டம் சொல்லாது. கூடப்பிறந்தவர்கள்தான் உணர்ந்து சொல்ல வேண்டும்.

பெரிய வீட்டுப் பகையும் இப்படித்தான். திருபாய் அம்பானி 2002 ஜூலையில் உயில் இல்லாமல் இறந்தார். அண்ணன் தம்பி மோதி, 2005 ஜூனில் தாய் கோகிலாபென் தலையிட்டுப் பிரித்துவைத்தார். 2019 மார்ச்சில், எரிக்சன் நிறுவனத்துக்குத் தர வேண்டிய 450 கோடி ரூபாய்க்கு மேற்பட்ட பாக்கியால் தம்பி சிறைக்குப் போகும் நிலை வந்தபோது அண்ணன் கைகொடுத்தார். தம்பி அண்ணனுக்கு வெளிப்படையாக நன்றி சொன்னார். அமெரிக்காவில் கார்னெல் பல்கலைக்கழகத்தின் கார்ல் பில்லமர், குடும்பத்துக்குள் பேச்சற்றுப்போனவர்களைப் பற்றி ஆராய்ந்து 2020இல் ஒரு நூல் எழுதினார். அவர் ஆய்வில் 27 சதவீதம் பேர் யாரோ ஓர் உறவினரோடு ஒட்டும் இல்லை உறவும் இல்லை என்றார்கள். மறுபடி சேர்ந்தவர்களிடம் அவர் கண்டது, பழைய கதையில் நான் சொன்னதுதான் சரி என்று எதிராளி ஒப்புக்கொள்ள வேண்டும் என்கிற பிடிவாதத்தை அவர்கள் விட்டிருந்தார்கள் என்பது. மொய் நோட்டைப் பார்த்த பிறகும் அந்த அண்ணன் மன்னிப்புக் கேட்கவில்லை, அந்தத் தங்கையும் கேட்கச் சொல்லவில்லை. தென்னை மரக் காசு யாருடையது என்று இன்றுவரை தீர்ப்பாகவில்லை.

எல்லாப் பிரிவையும் ஒரே தட்டில் வைத்து நான் பேசவில்லை. குடித்துவிட்டு அடித்த அண்ணனிடம், ஏமாற்றிக் கையெழுத்து வாங்கிய தம்பியிடம் ஒரு பெண் திரும்பிப் போகத்தான் வேண்டும் என்று சொல்ல எனக்கு உரிமை இல்லை. சாதி மாறிக் கல்யாணம் செய்ததற்காக, பெற்ற அப்பாவின் முகத்தைக் கடைசியாகப் பார்க்கக்கூட விடாமல் தெருமுனையிலேயே நிறுத்தப்பட்ட பெண்கள் நம் மாவட்டத்தில் இருக்கிறார்கள். அவர்களிடம் ‘பெரிய மனசு பண்ணு’ என்று யாரும் தூது போகக்கூடாது. கதவைச் சாத்தியவர்கள்தான் அவர்கள் வாசலுக்குப் போய் நிற்க வேண்டும். அப்பா போன பிறகாவது போக வேண்டும்.

ஒரத்தநாட்டில் முத்தம்பாள் சத்திரம் என்று ஒன்று இருக்கிறது. இரண்டாம் சரபோஜி மன்னரின் அன்புக்குரிய முத்தம்பாள், சாகும் தறுவாயில் தன் பெயரில் சத்திரம் கட்டச் சொன்னதாகவும், அவர் அப்படியே கட்டியதாகவும் ஊர் சொல்கிறது. வழிப்போக்கருக்கு அங்கே பல காலம் சோறு போட்டார்கள். நம் அப்பா அம்மாக்கள் கடைசியில் கேட்பது சத்திரம் அல்ல. “கூடப்பிறந்தவங்கள விட்டுறாதீங்கடா” என்பதைத்தான் கேட்டுவிட்டுப் போகிறார்கள்.

என் தோழர் வீட்டில் வருஷத் திதி முடிந்துவிட்டது. கூட்டுப் பட்டா மூவர் பெயரிலும் மாறியிருக்கிறது. நஞ்சையில் அக்காவுக்கு எது என்று பேசி முடிவாகிவிட்டது. தோப்பு விஷயம் இன்னும் ஒத்துவரவில்லை. தம்பி சிங்கப்பூரிலிருந்து வீடியோ காலில் வருகிறார், சில ராத்திரி சத்தம்கூடப் போட்டுக்கொள்கிறார்கள் என்று கேள்வி. மறுநாள் திரும்பப் பேசுகிறார்கள். அக்கா மகள் இந்த வருஷம் கல்லூரியில் சேர்ந்தபோது உடன் போனவர் பெரிய மாமன்.

வாசகர்களே, உங்களிடம் மூன்று வேண்டுகோள். உங்கள் வீட்டிலோ உறவிலோ துக்கம் நடந்தால், பதினேழாம் நாள் காலை பத்திரம் எழுதுகிறவரைக் கூட்டிவரச் சொல்லும் பெரியவரைத் தடுத்து நிறுத்துங்கள். வருஷத் திதி வரை பொறுக்கச் சொல்லுங்கள். அப்பாவோ அம்மாவோ இன்னும் உங்களுக்கு இருந்தால் இதுவும் வேண்டாம். அவர்கள் திண்ணையில் உட்கார்ந்திருக்கும்போதே, அக்கா தங்கைகளையும் வரச்சொல்லி, யாருக்கு எது என்று அவர்கள் வாயாலேயே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். அதற்கு முன்னால், யாரோடு பேச்சு நின்றிருக்கிறதோ அவருக்கு இந்த வாரமே ஒரு போன் போடுங்கள். சொத்தைப் பற்றி அன்றைக்கு எதுவும் பேசாதீர்கள். பிள்ளைகள் என்ன படிக்கிறார்கள் என்று கேளுங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்